கிரீடத்துக்குக் கீழே

முன்னொரு காலத்தில், ஊர் பேர் வேண்டாம், தலைகுளிக்காத ராஜா ஒருவர் இருந்தார். கிரீடம் தலையில் இல்லாவிட்டால் அரியணையும் இருக்காது என்று மந்திரி வில்லவராயர் ஜோசியம் சொல்லிவிட்டார். ராஜா பயந்துபோய், "ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாளும், இந்தக் கிரீடத்தை எவனும் தூக்கக்கூடாது. தூக்கினால் அவன் தலை போகும்" என்று பறையறைவித்தார். சனிக்கிழமை எண்ணெய்க்குளியலும் நின்றது. படுக்கையிலும் கிரீடம்தான்.

இருபதாம் நாள் சபையில் ராஜா கிரீடத்துக்குள் எழுத்தாணியை விட்டுச் சொறிந்தார். தோளெல்லாம் வெள்ளையாக உதிர்ந்தது. "தேவர்கள் பூமாரி பொழிகிறார்கள்" என்றார் மந்திரி. சபை கைதட்டியது. அடப்பாவிகளா, சொல்லும்போதே எனக்குக் குமட்டுகிறது.

அரண்மனை நாவிதன் காத்தான் மட்டும் கைகட்டி நின்றான். "சாமி, இது பொடுகுங்க. பேனும் புடிச்சிருக்கு. கிரீடத்த இறக்கி, எண்ணெ வெச்சு, சீயக்கா போட்டு அலசலேன்னா தலை புண்ணாப் போயிடுங்க."

"கிரீடத்தை இறக்கச் சொல்கிறான். இது ராஜத்துரோகம்" என்றார் மந்திரி. ராஜாவும் மறுநாள் உச்சிப்பொழுதில் காத்தானின் தலையை வாங்கச் சொல்லிவிட்டார். உண்மை சொன்ன வாய்க்குக் கிடைத்த பரிசு அது.

அரண்மனை விகடன் உத்தண்டி எழுந்தான். "மகாராஜா, கிரீடத்தைத் தூக்காமலே தங்கள் தலையைச் சுத்தம் செய்தால் இவனை விடுவீர்களா?"

"விடுகிறேன்" என்றார் ராஜா.

"முடியாவிட்டால் உன் தலையும் சேரும்" என்றார் மந்திரி. உத்தண்டிமேல் அவருக்கு நெடுநாள் பொறாமை.

மறுநாள் காலை உத்தண்டி கிரீடத்தின் நான்கு புறமும் பட்டுக்கயிறு கட்டி, மேலே உத்திரத்தோடு இழுத்துக் கட்டினான். கிரீடம் இம்மியும் அசையவில்லை. பிறகு அரியணைக்குப் பின்னால் போய், ராஜா உட்கார்ந்திருந்த முழ உயர இலவம்பஞ்சு மெத்தையைச் சரக்கென்று உருவினான்.

ராஜா தொப்பென்று அரியணைப் பலகையில் விழுந்தார். கிரீடம் அந்தரத்தில் நின்றது.

ஐயையோ, அந்தத் தலையை என்னவென்று சொல்ல. கற்றை கற்றையாகச் சிக்கு, பொருக்குத் தட்டிய புண், வெளிச்சம் கண்டு ஓடும் பேன். முன்வரிசைப் புலவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு மயங்கிச் சாய்ந்தார். ராஜாவின் கை வாளுக்குப் போயிற்று.

"துரோகி, கிரீடத்தைத் தூக்கிவிட்டான்" என்று அலறினார் மந்திரி.

"எங்கே தூக்கினேன்? அது இருந்த இடத்தில்தான் இருக்கிறது. தலையல்லவா இறங்கியது" என்றான் உத்தண்டி.

அதற்குள் ராஜாவின் மண்டையில் காற்றுப் பட்டது. இருபது நாளுக்குப் பிறகு பட்ட காற்று. வாளை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கீழே தடவிப் பார்த்தார். தலையில் கிரீடம் இல்லை, அரியணையோ எங்கும் போகவில்லை. தன் முட்டாள்தனத்தை நினைத்து வயிறு குலுங்கச் சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி உத்தண்டிக்குப் போட்டார். காத்தானை அழைத்து எண்ணெயைச் சூடாக்கச் சொன்னார்.

ராஜாவைப் பார்த்துத் தாங்களும் இருபது நாளாகத் தலைப்பாகை கழற்றாத சபையோர் இப்போது வெட்கத்தை விட்டுச் சொறியத் தொடங்கினார்கள். ராஜா குளித்து எழுந்ததும் முதல் ஆளாக ஓடிவந்து மணையில் உட்கார்ந்தவர் வில்லவராயர்தான்.

காத்தான் கத்தியைத் தீட்டினான். "சாமி, நல்லாக் குனியுங்க."

முந்தின நாள் அவன் தலையைக் கேட்டவர், தன் தலையை அவன் கையில் கொடுத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்.