முழுதாகத் தின்று சோதித்தவர்

முன்னொரு காலத்தில், கோழி ஒன்று அரசவையில் முட்டையிட்ட நாளில், அங்கே இருந்தவர்கள் இவர்கள்தாம்: அரியணையில் அரசர், அவர் உண்ணுமுன் உணவைச் சுவை பார்க்கும் அதிகாரி அனந்தப்பர், முதிய அரண்மனை வைத்தியர், தம் ஆசனத்தில் விகடகவி செவ்வந்தியப்பர், அவர் மடியில் அந்தக் கோழி. பிற்காலத்தில் 'நானும் அங்கே இருந்தேன்' என்று சொன்னவர் எவரும் அன்று அங்கே இல்லை.

அந்தக் கோழிக்கு ஊரும் கிடையாது, உடையவரும் கிடையாது. ஒரு மழை நாளில் செவ்வந்தியப்பர் வீட்டுக்குள் நுழைந்தது, பிறகு போகவில்லை. அவர் எங்கே போனாலும் பின்னாலேயே நடந்தது. அன்று அவைக்கும் வந்தது. மடியிலிருந்து இறங்கி, அவரது ஆசனத்தின் மெத்தையில் ஒரு முட்டையை இட்டுவிட்டு, அவை அதிரக் கொக்கரித்தது.

அரசர் எழுந்து வந்து முட்டையைத் தொட்டுப் பார்த்தார். "ஆ! சூடு!" என்றார். அவர் வியந்ததில் நியாயம் இருந்தது. அந்த அரண்மனை வழக்கப்படி, எந்த உணவையும் முதலில் அனந்தப்பர் உண்பார். அவர் உயிரோடு இருக்கிறாரா என்று ஒரு நாழிகை பார்த்த பிறகே அரசருக்கு இலை போடுவார்கள். அதற்குள் சோறு ஆறிவிடும், பாதி தீர்ந்தும்விடும்.

"இதை முழுதாக, சூடாக நாம் உண்ண வேண்டும்" என்றார் அரசர்.

அனந்தப்பர் பதறினார். "அரசே! எங்கிருந்தோ வந்த கோழி. என்ன மேய்ந்ததோ! பகைவர் நஞ்சூட்டி அனுப்பியிருந்தால்? உடைத்து, அடியேன் சுவைத்த பிறகு..."

"உடைத்தால் பாதி உமக்குப் போய்விடும். ஓட்டை எவரும் உடைக்காமல் சோதிக்க வேண்டும்."

அனந்தப்பரின் கண்கள் விகடகவியின் ஆசனத்தை மேய்ந்தன. அது செவ்வந்தியப்பரின் பாட்டனார் பெற்ற ஆசனம். "அப்படியானால் கோழியை வளர்ப்பவரே சோதிக்கட்டும், அரசே. இயலாவிட்டால் ஆசனத்தை விட்டு இறங்கட்டும். கோழி மடைப்பள்ளிக்குப் போகட்டும்."

முட்டை ஆசையில் இருந்த அரசர் தலையசைத்துவிட்டார்.

செவ்வந்தியப்பர் எழுந்து வணங்கினார். "ஒரு பிடி சோற்றைச் சோதிக்க அதிகாரிக்கு ஒரு நாழிகை ஆகிறது. அடியேனுக்கு ஒரு மாதத் தவணை வேண்டும்."

வீட்டில் அவர் மனைவி குழல்வாய்மொழி அந்த முட்டையைத் தண்ணீரில் இட்டுப் பார்த்தாள். "அடியில போய்ப் படுத்துக்கிச்சு. நல்ல முட்டைதாங்க."

"அழுகலா இல்லையான்னுதான் தண்ணி சொல்லும். நஞ்சு இருக்கான்னு சொல்லாது."

"மாமனார் உக்காந்த ஆசனம்! கோழிக்காக அதை விட்டுட்டு வந்தீங்கன்னா நான் எந்த முகத்தோட படித்துறைக்குப் போவேன்?"

அவருக்கு வழி எதுவும் தெரியவில்லை. நெற்குதிருக்குப் பின்னால், தான் ஏற்கெனவே இட்டிருந்த முட்டைகள்மேல் கோழி இறக்கையை விரித்து உட்கார்ந்திருந்தது.

"இந்தக் கூத்தைப் பாருங்க, அடைக்கு உக்காந்துருச்சு. இனி முட்டையும் கிடையாது" என்றாள் அவள்.

செவ்வந்தியப்பர் மெல்லச் சிரித்தார். "அந்த முட்டையையும் கோழிக்கு அடியில தள்ளிவிடு" என்றார்.

தவணை முடிந்த அன்று அவர் மூடிய கூடையோடு அவைக்குப் போனார். முகம் நிறையச் சிரிப்போடு அனந்தப்பர் காத்திருந்தார்.

"சோதித்தீரா?" என்றார் அரசர்.

"சோதித்தாயிற்று, அரசே. ஓட்டை எவர் கையும் உடைக்கவில்லை. உள்ளே இருந்தவரே உடைத்துக்கொண்டு வந்தார்." துணியை விலக்கினார். கீச்கீச்சென்று குஞ்சுகள் எட்டிப் பார்த்தன. "இவர்கள் நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தவர்கள் அல்லர். வெள்ளையும் மஞ்சளும் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் உண்டு, அதிலேயே உடம்பு வளர்த்தவர்கள். ஒருவருக்கும் வயிற்று வலிகூட இல்லை."

வைத்தியர் ஒரு குஞ்சைத் தூக்கிப் பார்த்தார். "நல்ல ஆரோக்கியம்" என்றார்.

அனந்தப்பர் துள்ளினார். "முட்டை எங்கே ஐயா? அரசர் உண்ண என்ன மிஞ்சியது?"

"ஒன்றும் மிஞ்சவில்லை. சுவை பார்த்தவர்களே தீர்த்துவிட்டார்கள். இந்த அரண்மனைக்கு அது புதிதா, அதிகாரி அவர்களே?"

அரசரின் பார்வை அனந்தப்பரின் தொந்தியில் போய் நின்றது. பிறகு அவர் சிரித்தார். கிரீடம் சரிய, அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இந்தக் கோழியின் முட்டையை இனி எவரும் சோதிக்க வேண்டாம்! இந்த ஆசனம் உமது குடும்பத்துக்கே உரியது, அதில் எவருக்கும் கேள்வி கிடையாது" என்றார். ஆசனத்துக்குப் புதிய பட்டு மெத்தை வந்தது. அனந்தப்பரின் தட்டு அன்றோடு உள்ளங்கை அளவாயிற்று. கோழி மறுபடி முட்டையிட்டபோது, அரசர் அதை அவித்து, விரலைச் சுட்டுக்கொண்டே முழுதாக உண்டார்.

தவணைக் காலம் முழுவதும் செவ்வந்தியப்பரே முட்டைகள்மேல் உட்கார்ந்து அடைகாத்தார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். உட்கார்ந்தது கோழி. அந்தக் குடும்பத்தார் அரசவை ஆசனத்தில் உட்கார்ந்தவர்கள். முட்டைமேல் எவரும் உட்கார்ந்ததில்லை.