கோப்பைக்கு அடியில் ஆடு சுமந்தவர்

"அம்மா, இதுல இருக்கிறது யாரு?" என்றார் புரோக்குலுஸ்.

அவர் கையில் உடைந்த கோப்பையின் அடிவட்டம் இருந்தது. மேல் கண்ணாடி தெளிவு, கீழ்க் கண்ணாடி கருநீலம். நடுவே தங்க ரேக்கில் ஒருவன் ஆட்டைத் தோளில் சுமந்து நின்றான்.

ரோமில், மண்ணுக்கடியில் குடைந்த கல்லறைப் பாதை அது. செத்தவர் குடித்த கோப்பையை உடைத்து, படமுள்ள அடியை மட்டும் குழியை மூடிய ஈரச் சாந்தில் பதிப்பார்கள். சுவரில் வெட்டிய ஆயிரம் குழிகளுக்குள் நம் ஆளைக் கண்டுபிடிக்க வேறென்ன வழி? புரோக்குலுஸின் மனைவி செவேரா அன்று காலைதான் சுவருக்குள் போயிருந்தாள். சாந்து இறுகிக்கொண்டிருந்தது.

அவருக்குக் கிறிஸ்தவ வேதம் சொல்லிக்கொடுப்பவள் அகாப்பே. அவரைவிட இருபது வயது சின்னவள், ஆனாலும் அவருக்கு அம்மா. சாந்துக் கரண்டியோடு நின்றாள்.

"நீங்க யாருன்னு வாங்கினீங்க?"

"கல்யாணத்துக்கு வாங்கினேன். அப்போ நான் மெர்க்குரி சாமியைக் கும்பிட்ட வியாபாரி. அதுவும் ஆடு சுமக்கிற சாமிதானே. செவேரா எனக்கு முன்னாடியே நம்ம சபைக்கு வந்தவ. அவ இது நம்ம ஆண்டவர், நல்ல மேய்ப்பர்னு நினைச்சிருக்கலாம். கடைக்காரனைக் கேட்டேன். வாங்குறவங்க சொல்றதுதான் பேருன்னுட்டான், படுபாவி."

"செவேரா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. கடைசிச் சொட்டு வரைக்கும் குடிப்பா. அடியில படம் தெரிஞ்சதும் சிரிப்பா. யாரைப் பார்த்துச் சிரிச்சாளோ. நான் கேட்கவே இல்லை."

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே, மனிதருக்கு அந்த நிலைதான். பதித்தால், அவள் தலைமாட்டில் பழைய சாமியை உட்காரவைத்த பாவம். பதிக்காவிட்டால், அவளையே தொலைத்துவிடுவார். அழுகை வந்தது. அழுதார்.

"நீங்களே சொல்லுங்கம்மா. இது யாரு?"

அகாப்பே விரலால் சாந்தைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரம் போனால் பிடிக்காது.

கண்ணாடியை வாங்கினாள். திருப்பினாள். படம் உள்பக்கம் இருக்க, ஒரே அழுத்து.

வெளியே கருநீலம் மட்டும் விளக்கொளியில் மினுங்கியது.

"ஐயோ, திருப்பி வச்சுட்டீங்களே. இனி நான் வந்து பார்த்தா யாருன்னே தெரியாதே."

"அவங்க எங்க இருக்காங்கன்னு தெரியுமா?"

"அது தெரியும், நீலம் மின்னுதே."

அகாப்பே கரண்டியைத் துடைத்தாள்.

"அப்போ சரி. படம், குடிச்சவங்க பக்கம்தான் இருக்கணும்."