புளி போட்டுத் தேய்த்த காசு

"ரெண்டு வருஷமா வர்றேன். ஒரு காசையாவது நானே பார்த்துச் சொல்ல விடமாட்டேங்கிறீங்களேம்மா?"

கேட்டே விட்டேன்.

கேட்டது நான், கலியமூர்த்தி. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், வயசு அறுபத்து மூணு. பதில் சொல்ல வேண்டியவர் ஜைத்தூன். வயசு முப்பத்தஞ்சு. நாகப்பட்டினம் கடைத்தெருவில் கடிகாரம் ரிப்பேர் பார்க்கிறவர். யார் வீட்டில் பழைய காசு கிடைத்தாலும், எந்தக் காலத்துக் காசு என்று கேட்க அவரிடம்தான் கொண்டு வருவார்கள். அதைக் கற்றுக்கொள்ளத்தான் நானும் போகிறேன்.

ஜைத்தூன் கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றவில்லை. ஒரு செப்புக் காசை என் பக்கம் தள்ளினார்.

"என்ன தெரியுது, சொல்லுங்க சார்."

"கால் அணா. விக்டோரியா ராணி தலை. ஆயிரத்து எண்ணூத்தி அறுபத்திரெண்டு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? எவனோ ஓட்டை போட்டுக் கெடுத்து வச்சிருக்கான்."

"பிள்ளை இடுப்புக் கயித்துல கோத்துக் கட்டின காசு சார். ஓட்டை ஓரம் எப்படித் தேஞ்சிருக்கு பாருங்க. அந்தப் பிள்ளை ஓயாம ஓடியாடியிருக்கு."

வருஷம் சரிதானே என்று மனசுக்குள் முனகிக்கொண்டேன். முப்பத்தாறு வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவனுக்கு மார்க் குறைந்தால் தாங்காது.

அப்போதுதான் தனபாக்கியம் வந்தாள். அக்கரைப்பேட்டையிலிருந்து மீன் கொண்டு வந்து விற்கிறவள். வெறுங்கூடையை வாசலில் வைத்துவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"தங்கச்சி, இது எந்தக் காலத்துக் காசு? எங்கம்மா கேக்குது. படுத்த படுக்கையாக் கெடக்கு. இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு."

கன்னங்கரேலென்று ஒரு காசு. ஜைத்தூன் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"நிதானமாப் பார்க்கணும்க்கா. காலையில வாங்க."

"நான் பார்க்கட்டுமா? வீட்டுக்குக் கொண்டுபோய்?" என்றேன்.

ஜைத்தூன் தனபாக்கியத்தைப் பார்த்தார்.

"சார் பெரிய வாத்தியாராச்சே, குடு தங்கச்சி" என்றாள் அவள். "எம்மவன் வேலவன் இவருகிட்ட படிச்சவன்தான். ஞாபகம் இருக்கா சார்?"

"ஆமாமா, இல்லாம என்ன?" என்றேன். சத்தியமாக ஞாபகம் இல்லை.

ஜைத்தூன் காசைத் தாளில் மடித்து என் கையில் வைத்தார்.

"பார்க்க மட்டும் செய்யுங்க சார்."

சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ஒரு மணி நேரம் பார்த்தேன். ஒரு எழுத்து தெரிந்தால்தானே? ஒரு பக்கம் கரி. மறுபக்கம் பள்ளத்திலெல்லாம் செக்கச்செவேலென்று ஏதோ அப்பிக் கிடந்தது. அழுக்கு என்று முடிவு கட்டினேன்.

அடுப்படியில் விளக்கு தேய்க்கப் புளி ஊறிக்கொண்டிருந்தது.

செம்பு கறுத்தால் புளி. இதை எந்த வீட்டில் சொல்லிக் கொடுக்க வேண்டும்? பத்தே நிமிஷம். கரி போனது, சிவப்பு போனது. சிங்கம் இரண்டு எழுந்து நின்றன. நடுவில் கேடயம். கீழே வருஷம்! அட அட அட! துள்ளிக் குதிக்காத குறைதான். ராத்திரி படுக்கப் போகும் வரைக்கும் அதைக் கையிலேயே வைத்துத் தடவிக்கொண்டிருந்தேன்.

காலையில் கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். தனபாக்கியமும் வந்துவிட்டாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. ராத்திரி தூங்கவில்லை போலும்.

தாளைப் பிரித்துக் காசை மேஜையில் வைத்தேன்.

"கிழக்கிந்தியக் கும்பினிக் காலத்துக் காசு. இருபது காசுன்னு பேரு. ஆயிரத்து எண்ணூத்தி எட்டு. இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு!"

ஜைத்தூன் காசைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.  

தனபாக்கியம் குனிந்து பார்த்தாள்.

"இது யாரோடது சார்? எங்க காசு எங்க?"

நான் வெறும் தாளைத் திரும்ப மடித்தேன்.

"எங்களது கறுப்பா இருக்குமே. ஒரு பக்கம் குங்குமம் ஒட்டியிருக்கும்."

"என்ன குங்குமம்க்கா?" என்று கேட்டார் ஜைத்தூன்.

"எங்க வீட்டுல யாரு செத்தாலும் அந்தக் காசைத்தான் நெத்தியில வைப்போம். சந்தனமும் குங்குமமும் குழைச்சு ஒட்டுவோம். தூக்குறதுக்கு முன்ன எடுத்து முடிஞ்சு வச்சுக்குவோம். கழுவ மாட்டோம். எங்க தாத்தன், அப்பன், எல்லாருக்கும் அதான். கடைசியா எம்மவன் வேலவனுக்கு வச்சது. கடலுக்குப் போனவனைக் கரையில கொண்டாந்து போட்டாங்க. ஆறு வருஷம் ஆச்சு."

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் எத்தனை பேரு நெத்தியில இருந்திருக்கும்னு எங்கம்மா கேட்டுச்சு. அதுக்குத்தான் எந்தக் காலத்துக் காசுன்னு கேட்டேன். அம்மாவுக்கும் அதைத்தானே வைக்கணும்? பேரன் நெத்தியில இருந்ததை என் நெத்தியில வையின்னு சொல்லிக்கிட்டே கெடக்கு."

என் காது இரண்டும் பற்றி எரிந்தன.

"மாறிப்போச்சு போல சார்" என்றாள் அவள். என் முகத்தைப் பார்த்து அவளே சமாதானம் சொன்னாள். "வீட்டுல வேற காசெல்லாம் வச்சிருப்பீங்க. நல்லாத் தேடிப் பாருங்க. நான் இங்கேயே உட்காந்திருக்கேன்."

தப்பிக்க வழி திறந்தே கிடந்தது. 'ஆமாம்மா, மாறிப்போச்சு, தேடுறேன்' என்றால் போதும். நாலு நாள் இழுத்தடித்தால் அந்தக் கிழவி போய்ச் சேர்ந்துவிடுவாள். எவனுக்குத் தெரியப்போகிறது? அப்படியும் நினைத்தேன். வெட்கங்கெட்டவன், நினைத்தேன்.

ஜைத்தூன் கண்ணிலிருந்த லென்ஸைக் கழற்றினார். அதையும் காசையும் சேர்த்து என் பக்கம் தள்ளினார்.

"என்ன தெரியுது, சொல்லுங்க சார்."

முக்காலியில் உட்கார்ந்து லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்தேன்.  சிங்கம் தெரிந்தது, கேடயம் தெரிந்தது. தாத்தன் இல்லை, அப்பன் இல்லை. வேலவன் இல்லை. வகுப்பில் எந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தான் என்றுகூட எனக்குத் தெரியாது.

பளபளத்த செம்பின் மேல் ஒரே ஒரு கறை. பழுப்பாக, வட்ட வட்டமாக, கோடு கோடாக.

"என் கைரேகை தெரியுது" என்றேன்.

லென்ஸைக் கழற்றி ஜைத்தூனிடம் கொடுத்தேன்.

தனபாக்கியத்தின் பக்கம் திரும்பினேன். எழுந்து நின்றுகொண்டேன். உட்கார்ந்து சொல்ல முடியவில்லை.

"மாறிப்போகலம்மா. இது உங்க காசுதான். நான்தான் புளி போட்டுத் தேய்ச்சுட்டேன். எல்லாம் போயிடுச்சு."

திட்டுவாள் என்று நின்றேன். கூடையை எடுத்து அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன்.

அவள் காசைக் கையில் எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலால் பள்ளத்தைத் தடவி, விரலைப் பார்த்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

முந்தானையில் வைத்து முடிந்துகொண்டாள்.

"அப்ப இந்தக் காசுக்கு எங்கம்மாதான் மொத ஆளு" என்றாள்.