கல் மன்னரின் கழுத்து

ஆண்டவன் புண்ணியத்தில் மழை பொய்க்காத நாடு பவழத்துறை. அதை ஆண்ட நன்மாவேந்தர் முருங்கைக்காய் மாதிரி ஒல்லி. வாழ்நாளில் ஒரே ஒரு போரில் ஜெயித்தார். அதுவும் எதிரியின் யானைகள் சேற்றில் மாட்டிக்கொண்டதால்!

ஒருநாள் கப்பலில் வந்த ரோமாபுரி வணிகன் ஒருவன், “எங்கள் ராஜா ஜெயித்தால் பெரிய வளைவு கட்டி, மேலே சிலை வைப்பார். பார்க்கிற ஜனம் தானாகவே பயந்து கும்பிடும்” என்று சொல்லிவிட்டுப் போனான். அவ்வளவுதான், மன்னருக்குத் தூக்கம் போயிற்று.

சிற்பி கொற்றன் கோட்டை வாசலில் வளைவு கட்டி, உச்சியில் மன்னர் சிலையை நிறுத்தினான். மலை மார்பு, தூண் தொடை, காலடியில் நான்கு எதிரிகள்! பார்த்த மன்னர் பூரித்துப்போனார். “அது வெறும் கல்லில்லை, நானேதான்! அதை வணங்காதவன் என்னை வணங்காதவன்” என்று பறையறையச் சொன்னார்.

சேனாதிபதி மல்லையனுக்கு ஒரே புகைச்சல். பக்கத்தில் தன்னையும் செதுக்கச் சொல்லியிருந்தான். “அரசர் உத்தரவில்லாமல் முடியாதுங்க” என்றிருந்தான் கொற்றன்.

ஒரு வாரம் கழித்து மல்லையன் சபைக்குள் ஓடிவந்தான்.

“துரோகம் அரசே! சிலையின் தலை கழன்று வருகிறது. நாளைக்கு வேறொருவன் தலையை மாட்டத்தானே இந்த ஏற்பாடு?”

மன்னர் உடனே சிற்பியை வரவழைத்தார். “கொற்றா, நிஜமா?”

“நிஜம்தான் மகாராசா. மாசத்துக்கு ஒரு மீசை வைக்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் முழுச் சிலையா செதுக்குவது? ரோமாபுரியிலும் உடம்பை விட்டுவிட்டுத் தலையைத்தான் மாற்றுவார்களாம். அதான் ஆறு தலை செய்து வைத்திருக்கிறேன்.”

“ஆறா! இவன் தலையை வெட்டுங்கள்!”

காவலர்கள் கொற்றனைப் பிடித்தார்கள். அப்போது மன்னரின் வெற்றிலைப் பெட்டி ஏந்தும் பணிப்பெண் குவளை மெல்ல வாய் திறந்தாள்.

“சேனாதிபதி ஐயா, தலை கழலும் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?”

மல்லையன் நெஞ்சை நிமிர்த்தினான். “ஏணி போட்டு ஏறினேன். கழுத்தாரத்துக்கு அடியில் ஒரு கோடு தெரிந்தது. இரண்டு கையாலும் பிடித்து ஒரே திருகு!”

“ஐயோ தெய்வமே! அந்தச் சிலை நானேதான் என்று அரசர் பறையறைந்தாரே. அப்படியென்றால் அரசர் கழுத்தையா திருகினீர்கள்?”

மல்லையன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

“அ... அது வெறும் கல் கழுத்துதானே, அம்மா!”

“சரிதான் ஐயா. அப்போது கழன்றதும் வெறும் கல் தலைதானே! அதற்காக ஒரு மனுஷன் தலை போகலாமா?”

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கொற்றனை விடுவித்தார். தம் முத்துமாலையைக் கழற்றிக் குவளையின் பெட்டியில் போட்டார். மல்லையனைத் தினமும் சிலையைத் துடைக்கச் சொன்னார். சிரிப்பு மட்டும் நிற்கவில்லை. கிரீடம் கழன்று உருண்டது.

குவளை பதறவேயில்லை.

“நன்றாகச் சிரியுங்கள் மகாராசா. தலையே கழன்றாலும் கவலையில்லை, கொற்றனிடம் இன்னும் ஆறு இருக்கிறது!”