ஓதுவார் கேட்ட மூச்சு

"அம்மா, என் மூச்சு எங்கே போச்சு?"

கேட்டவர் ஓதுவார் திருவம்பலம். பக்கவாதம் வந்து படுத்து, எழுந்தவர். வலது காலும் கையும் ஓரளவு சொன்னபடி கேட்டன. பேச்சும் திரும்பிவிட்டது. ஆனால் சாமி முன்னால் பதிகம் பாட நின்றால், பாதி அடியிலேயே மூச்சு முட்டியது. மீதியை முழுங்கிக்கொண்டு நின்றார்.

மடத்துத் தலைவி அம்மா அவரைவிட வயதில் சின்னவர். ஆனாலும் அவருக்குக் குரு.

"பகலெல்லாம் என்ன செய்றீங்க?"

"அசையாமப் படுத்திருக்கேன் அம்மா. இருக்கிற மூச்சைச் சாயங்காலப் பூசைக்குன்னு சேர்த்து வைக்கிறேன்."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"நடக்கச் சொன்னார். அவருக்குப் பாட்டைப் பத்தி என்ன தெரியும்?"

அம்மா குளத்துப் பக்கம் கையைக் காட்டினார்.

"குளத்துக்கு அந்தப் பக்கம் வில்வமரம் இருக்கே. ஓர் இலை கொண்டு வாங்க."

"ஒரே ஒரு இலையா?"

"சாமிக்கு அது போதும்."

கோலை ஊன்றிப் போனார். பாதி வழியில் படித்துறையில் உட்கார்ந்தார். இடக்கையால் பறிக்கக் கூடாதே என்று, நடுங்கும் வலக்கையாலேயே பறித்தார்.

சாயங்காலம் பாட்டு இன்னும் மோசமாக இருந்தது. அன்றோடு பாடுவதை நிறுத்திக்கொண்டார். பூசை நேரத்தில் ஓரமாய்க் கைகூப்பி நின்றார்.

மறுநாளும் அம்மா இலை கேட்டார். அதற்கு மறுநாளும் கேட்டார்.

ஒருநாள் திருவம்பலம் துண்டு நிறையப் பறித்து வந்தார்.

"வாரம் முழுக்க வரும் அம்மா. வில்வம் வாடினாலும் தோஷமில்லை."

அம்மா ஒன்றை எடுத்துக்கொண்டு, மீதியைத் துண்டோடு நீட்டினார்.

"நான் கேட்டது ஒண்ணுதானே?"

மடப்பள்ளி வாசலில் காய் நறுக்கும் செங்கமலத்துக்கு இது நல்ல பொழுதுபோக்கு.

"என்ன ஓதுவாரே, மரம் இன்னும் கிட்ட வரலையா?"

அவர் கையை மட்டும் ஆட்டிவிட்டு நடப்பார்.

திங்கட்கிழமை மட்டும் விடுதலை. அன்று வில்வம் பறிக்கும் வழக்கமில்லை. மழைக்காலம் போய்ப் பனி வந்தது. அப்படி ஒரு திங்களன்று நிம்மதியாகப் படுத்திருந்தவரை அம்மா வந்து எழுப்பினார்.

"மரத்துக்குப் போகலையா?"

"இன்னைக்குப் பறிக்கக் கூடாது அம்மா!"

"பறிக்க வேண்டாம். மரம் நல்லா இருக்கான்னு பார்த்துட்டு வாங்க."

போனார். பார்த்தார். வழியில் எங்கும் உட்காரக்கூட இல்லை, அவ்வளவு கோபம். நேரே அம்மா முன்னால் வந்து நின்றார்.

"மரம் நல்லா இருக்கு, இலை நல்லா இருக்கு, மேல உட்கார்ந்திருக்கிற காக்காயும் நல்லா இருக்கு, நான்தான் நல்லா இல்லை, மூச்சுக்கு வழி கேட்டு வந்தவனை இப்படி மாடு மாதிரி நடக்க விட்டு, பாட்டும் போச்சு, மானமும் போச்சு, செங்கமலம்கூடக் கேலி பண்றா, ஒரு மந்திரம் சொல்லக் கூடாதா, ஒரு மருந்து சொல்லக் கூடாதா, சாமி முன்னால ஒரே ஒரு பதிகத்தை முழுசாப் பாடிட்டாப் போதும்னு தவிக்கிறவனை இப்படியா அம்மா அலைய விடுவீங்க!"

செங்கமலத்தின் அரிவாள்மணை நின்றுவிட்டது.

கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா கண்ணைத் திறந்தார்.

"நடுவில எங்கே மூச்சு வாங்கினீங்க, ஓதுவாரே?"

திருவம்பலத்துக்கு ஞாபகம் வரவில்லை.