தலைப்பாகைக்குப் போட்ட முதல் இலை

வேம்பனூர் ஜமீன்தார் முத்துவீரப்பர் தினமும் மதியம் நாற்பது இலை போடச் சொல்வார். உட்கார்ந்து சாப்பிடுவது அவர் ஒருவர்தான்.

ஜமீன்தார் எழுந்தால் பந்தியே எழுந்துவிட வேண்டும் என்பது அந்த அரண்மனை வழக்கம். அவரோ குழம்பில் உப்பு குறைந்தாலும் எழுவார், யாராவது இருமினாலும் எழுவார். அரை வயிற்றோடு எழுந்து அலுத்துப்போன ஊர் வருவதையே நிறுத்திவிட்டது. ஆளில்லாத பந்தியிலிருந்தும் அவர் பாதியில்தான் எழுந்தார்.

ஒருநாள் சமையற்காரன் பிச்சாண்டியைக் கூப்பிட்டார். “உன் சமையல் சரியில்ல. நாளைக்குப் பந்தி நிறையணும். இல்லேன்னா ஊரை விட்டுப் போயிடு.”

“நிறைஞ்சிடும் எசமான். உங்க தலைப்பாகையை மட்டும் கொடுங்க. நான் கூப்பிட்ட பிறகு வாங்க.”

மறுநாள் காலையிலேயே ஊருக்குள் தண்டோரா போட்டான். “இன்னைக்குப் பந்தியில ஜமீன்தார் இடத்துல அவர் தலைப்பாகைதான் உட்காரும்.”

மதியம் முதல் இலைக்கு முன்னால் தலைப்பாகை இருந்தது. கடைசி இலையைப் பிச்சாண்டி யாருக்கும் கொடுக்கவில்லை. மற்றதெல்லாம் நிறைந்துவிட்டது.

கூப்பிட்டதும் வந்த ஜமீன்தார், உள்ளே கேட்ட சிரிப்புச் சத்தத்தில் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“என்கிட்ட இல்லாதது அதுகிட்ட என்னடா இருக்கு?”

“அது பாதியில எழுந்திரிக்காது எசமான்.”

ஜமீன்தார் உள்ளே நுழைந்தார். கடைசி இலைக்குப் போய் உட்கார்ந்தார். கடைசியில் பாயசம் வந்தது. ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தார்.

“நல்லாயிருக்கே. இன்னைக்குப் புதுசா செஞ்சியா?”

“பதினோரு வருஷமா தினமும் செய்யறேன், எசமான்.”