ஓம எண்ணெய் சாய்ந்த மதியம்

டக், டக், டக் என்று பலகையில் கத்தி விழும் சத்தம்தான் முதலில் கேட்டது. அலமாரிக் கதவு மூடியிருந்ததால் ஓம எண்ணெய்க் குப்பிக்கு வேறொன்றும் தெரியவில்லை.

தூத்துக்குடிக் கடற்கரையில் பிலோமினாள் நடத்திய சாப்பாட்டுக் கடை அது. ஒரு காலத்தில் குப்பியைச் சீனி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். காப்பியெல்லாம் ஓமம் மணத்தது. அன்றிலிருந்து உச்சித் தட்டுதான், துணைக்கு ஓர் எலிப்பொறி. எலிப்பொறி வாய் திறந்தே இருக்கும், பேசத்தான் செய்யாது.

அலமாரிக் கதவு திறந்தது.

"ஐஸ் பெட்டி படுத்துட்டுதுக்கா. சாப்பிட வந்த கப்பல்காரரு எலுமிச்சையில ஊறுன பச்சை மீனு கேக்காரு. என்ன சொல்ல?" என்றார் பரிமாறும் சூசை.

ஒரு வாரம் ஐஸ் பெட்டியில் உறைந்த மீனைத்தான் பச்சையாகக் கொடுப்பது அந்தக் கடையின் வழக்கம். உறைந்தால் மீனுக்குள் இருக்கும் புழு செத்துவிடும். இன்று பலகையில் கிடந்ததோ காலையில் வந்த, உறையாத சீலா மீன்.

"ஓம எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டா வயித்துப் புழுவே ஓடுது. மீன் புழு நிக்குமா?" என்று குப்பியை இறக்கித் திறந்தாள் பிலோமினாள்.

சொட்டு விழுந்தது. மேலாக நெளிந்த வெள்ளைப் புழு ஒன்று துடித்து அடங்கியது. அதைக் கிள்ளி எறிந்தாள். "பாத்தீரா? வேலை முடிஞ்சுது."

"இனிமே இதைக் கீழேயே வைங்கக்கா," என்றார் சூசை.

மூடாமலேயே அதைப் பலகை ஓரம் வைத்தாள். உப்பு ஜாடி நகர்ந்து இடம் கொடுத்தது. "வாரும் அண்ணாச்சி! இத்தனை நாளா மேல உக்காந்து என்ன பண்ணினீரு?"

"எங்களோட இரும்," என்றது எலுமிச்சை. "என்னைப் பாத்தும் முகம் சுளிக்கிறவங்க உண்டு."

பக்கத்தில் ஆள் இருப்பது எப்படி இருக்கும் என்பதே குப்பிக்கு மறந்து போயிருந்தது.

அப்போது மீனின் சதைக்குள்ளிருந்து ஒரு குரல்.

"சத்தம் காட்டாதேயும். என் தம்பிதான் வெளியே இருந்தான், மாட்டிக்கிட்டான். உம்ம ரெண்டு சொட்டு எனக்கு ஒரு தும்மல்."

குப்பி திடுக்கிட்டது. "முழுசும் ஊத்தினா?"

"அப்பவும் நான் சாக ஒரு நாள் ஆகும். கப்பல்காரருக்குப் பசி இப்போ," என்று சுருண்டபடியே சிரித்தது புழு. "எதுக்கு வம்பு? பேரு உமக்கு, அவரு வயிறு எனக்கு."

வெளியே கப்பல்காரர், தனக்கு மகள் பிறந்த செய்தியைச் சூசையிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். பிலோமினாள் தட்டைத் துடைத்தாள்.

குப்பி உப்பைப் பார்த்தது. எலுமிச்சையைப் பார்த்தது. புழுவைக் கொல்லத் தன்னால் ஆகாது. மீனைக் கெடுக்க ஆகும்.

குப்பி சாய்ந்தது.

"என்னவே பண்ணுறீரு!" என்று அலறியது உப்பு.

"புத்தி கெட்டுப் போச்சா? இடம் கொடுத்தது எங்க தப்பு," என்றது எலுமிச்சை.

கழுத்து வரை இருந்த எண்ணெய் அடிமட்டம் தெரிகிற வரைக்கும் மீனில் கொட்டியது.

"நாசமாப் போச்சு!" பிலோமினாள் மூக்கைப் பொத்தினாள். "தைலக் கடை மாதிரி நாறுதே! சூசை, பச்சையா கெடையாதுன்னு சொல்லும். கழுவி மசாலா தடவிப் பொரிச்சுத்தாரேன்."

சட்டியில் மீன் விழுந்தது. சதைக்குள் ஏதோ கிறீச்சிட்டு அடங்கியது. அது குப்பிக்கு மட்டுந்தான் கேட்டது.

"எல்லாம் இதால வந்த வினை. மேலேயே கெடக்கட்டும்." மூடியை இறுகத் திருகி உச்சியில் வைத்தாள். உப்பு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அலமாரிக் கதவு மூடியது.

இருட்டில் எலிப்பொறி வாயைத் திறந்தபடி இருந்தது.

"இன்னொரு துண்டு கிடைக்குமா?" என்று கப்பல்காரர் கேட்பது, கதவைத் தாண்டி மெல்லக் கேட்டது.

பிலோமினாள் பலகையைக் கழுவினாள். வெங்காயத்தை எடுத்து வைத்தாள்.

டக், டக், டக்.